பாணி மருந்து கேள்வி-பதில்: பிள்ளைக்கு எவ்வளவு, எப்போது?

3 வயது மகனுக்குத் தடிமன் பாணியும் பிரிட்டோன் பாணியும் சேர்த்துக் கொடுக்கலாமா? (ஹட்டன்)

வேண்டாம். தடிமன் பாணிகள் பலவற்றில் குளோர்பெனிரமின் என்ற அலர்ஜி மருந்து ஏற்கெனவே இருக்கிறது. பிரிட்டோனும் அதே சாமான்தான். போத்தலைத் திருப்பி லேபிளைப் படியுங்கள்.

பிள்ளைக்கு உடம்பெல்லாம் கடி, அரிப்பு. எவ்வளவு மருந்து கொடுக்க வேண்டும்? (மஸ்கெலியா)

வயது இல்லை, நிறை இல்லை, மருந்தின் பெயர்கூட இல்லை. நான் சாத்திரக்காரன் இல்லை, அம்மா. மூன்றையும் எழுதி அனுப்புங்கள்.

ஒன்றரை வயது மகள் கொழும்பு பஸ்ஸில் அழாமல் தூங்க பினர்கன் பாணி கொடுக்கலாமா? பக்கத்து லயத்து அக்கா கொடுப்பாராம். (பண்டாரவளை)

கூடாது. எத்தனை தடவை எழுதினாலும் இந்தக் கேள்வி திரும்ப வருகிறது! அலர்ஜி மருந்து தூக்க மருந்து அல்ல. பினர்கனில் உள்ள ப்ரோமெதசின் 2 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் மூச்சையே அடக்கிவிடலாம்; உயிர் போனதும் உண்டு. அப்புறம், சில பிள்ளைகள் இதைக் குடித்தால் தூங்குவதற்குப் பதில் துள்ளிக் குதிக்கும். உடனே ‘பத்தவில்லை’ என்று இன்னொரு கரண்டி ஊற்றுவார்கள்.

கரண்டி என்றதும் ஞாபகம் வருகிறது. போன மாதம் ஒரு தாய் வீட்டுக் கரண்டியோடு எங்கள் பாமசிக்கு வந்தார். தண்ணீர் நிரப்பி, ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்சிப் பார்த்தோம்: 8 மில்லி. 5 மில்லி தேக்கரண்டி என்று நினைத்து மூன்று நாள் கொடுத்திருக்கிறார். சிரிஞ்ச் வாங்குங்கள், விலை அதிகமில்லை.

அலர்ஜிக்கு செட்ரிசின் பாணி பரவாயில்லையா? வயது 4. (ராகலை)

தூக்கம் குறைவு, அதனால் நல்லதுதான். 5 மில்லியில் 5 மில்லிகிராம் பாணி என்றால் காலை 2.5 மில்லி, இரவு 2.5 மில்லி. சிரிஞ்சால். சிறுநீரக நோய் இருந்தால் முதலில் டாக்டரிடம் கேளுங்கள்.

மூச்சு இழுப்புக்கும் இதே பாணி போதுமா? (தலவாக்கலை)

போதாது. இழுப்புக்கு மூச்சில் உறிஞ்சும் பம்ப்தான் (இன்ஹேலர்). விறகடுப்புப் புகை பிள்ளைக்குப் படாமலும் பாருங்கள்.

குளவி கொட்டினால் பிரிட்டோன் கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கலாமா? (நோர்வூட்)

கொட்டிய இடம் மட்டும் வீங்கினால் சரி. உதடு வீங்கினால், மூச்சு இரைத்தால், வாந்தி எடுத்தால், மயங்கினால் பாணியை நம்பி இருக்காதீர்கள். அதற்கு மருந்து அட்ரினலின் ஊசி. உடனே 1990 ஆம்புலன்ஸை அழையுங்கள். ரோட்டு மோசமென்றால் கிடைத்த வாகனத்தில் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.