கம்பம் ஏறிய அப்பாவும் மாடி ஏறும் மகளும்

கேள்வி: என் மகள் இ.இ.இ. முடித்தவள். வங்கித் தேர்வுக்குப் படி என்றால், வீடுகளுக்கு சோலார் போட்டுக் கொடுக்கும் கம்பெனி தொடங்கப் போகிறேன் என்கிறாள். கேட்டால், அமெரிக்காவில் லின் ஜூரிச் என்ற பெண் சாதித்த கதையை எடுத்து விடுகிறாள். ஊரார் வீட்டு மொட்டை மாடியில் ஏறி இறங்குவது பெண் பிள்ளைக்கு ஏற்ற வேலையா? அமெரிக்கக் கதை சேலத்தில் செல்லுபடி ஆகுமா?
– மின்வாரியத்தில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற வாசகர், அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: கம்பம் ஏறிச் சம்பாதித்துப் பிள்ளையைப் படிக்க வைத்தவர், கைப்பிடி வைத்த மாடிப்படிக்குப் பயப்படுகிறீர்கள். பயம் படியைப் பற்றியது அல்ல என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பதற்கு இந்தப் பக்கத்தில் பதில் கிடையாது. மற்றதைப் பேசுவோம்.

லின் ஜூரிச் பேனல் மாட்டிப் பேர் வாங்கியவர் இல்லை. முதலீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு ஸ்டான்ஃபோர்டில் எம்.பி.ஏ. படித்தவர். 2007இல் எட்வர்ட் ஃபென்ஸ்டர் முதலானோருடன் சேர்ந்து சான் ஃபிரான்சிஸ்கோவில் சன்ரன் கம்பெனியைத் தொடங்கினார். அப்போது வீட்டில் சோலார் வேண்டுமென்றால் முழுப் பணத்தையும் முன்னால் எண்ணி வைக்க வேண்டும். எத்தனை பேரால் முடியும்? இவர்கள் கணக்கையே மாற்றிப் போட்டார்கள். பேனல் கம்பெனியுடையது, கூரை உங்களுடையது, மாதாமாதம் கரண்டுக்கு மட்டும் பணம் கட்டுங்கள், ஒப்பந்தம் 20 வருஷம். பேனல் வாங்கத் தேவையான பணத்தை வங்கிகளிடமிருந்து திரட்டினார்கள். அங்கே அரசு தந்த வரிச் சலுகைக்காக அந்த வங்கிகளும் பணம் போட்டன. ஆக, அம்மணி விற்றது வெயிலை அல்ல, தவணையை!

2015இல் கம்பெனி பங்குச் சந்தைக்கு வந்தது. 2020இல் போட்டிக் கம்பெனியான விவின்ட் சோலாரையே விலைக்கு வாங்கியது. 2021இல் ஜூரிச் தலைமைப் பொறுப்பை ஒப்படைத்ததும் ஒரு பெண்ணிடம்தான். அந்த மேரி பவல், வெர்மான்ட் மாநிலத்தில் மின் விநியோகக் கம்பெனியை நடத்தியவர். உங்கள் பாஷையில் சொன்னால் இபி ஆபீஸ்காரர்.

இனி மகளுக்குச் சில வார்த்தை. அந்தக் கதையில் பாதியை மட்டும் படித்துவிட்டுக் கிளம்ப வேண்டாம். வீட்டிலிருந்து கிரிட்டுக்கு, அதாவது பொது மின் லைனுக்கு, போகும் கரண்டுக்கு என்ன விலை என்ற விதியை 2023 ஏப்ரலில் கலிஃபோர்னியா மாற்றி, விலையை வெகுவாகக் குறைத்தது. ஒரே கையெழுத்தில் அங்கே வியாபாரம் படுத்தது. சன்பவர் என்ற பழைய பெரிய கம்பெனி 2024இல் திவால் மனு கொடுத்தது. அரசு விதியை நம்பி நடக்கிற தொழில் இது; இங்கேயும் அப்படித்தான். வீட்டுக் கூரை சோலாருக்கான மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, மூன்றுக்கும் அதற்கு மேலும் 78,000 மானியம். அது போய்ச் சேருவது வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்கு. அதுவும் எல்லாம் மாட்டி, மீட்டர் வைத்து, பரிசோதனை முடிந்த பிறகு. பேனல் மொத்த வியாபாரியோ முன்பணம் இல்லாமல் சரக்கை இறக்க மாட்டார். இடையில் கிடக்கும் அந்தச் சில வாரங்களுக்கு யார் காசு? கை முதல் இல்லாத சின்னக் கம்பெனிகள் மூச்சுத் திணறுவது இந்த இடத்தில்தான், மாடிப்படியில் இல்லை. ஜூரிச் செய்த மாதிரி, நாமே முதல் போட்டு யூனிட்டுக்குக் காசு வாங்கும் முறைக்கும் 2024 கடைசியில் மத்திய அரசு வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது. வருஷக் கணக்கில் காத்திருக்கும் பணம் இருந்தால் அந்தப் பக்கம் போகட்டும். இப்போதைக்கு வேண்டாம்.

உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். சோலார் போட்ட வீட்டில் முதல் சண்டை எப்போது வரும்? வெயில் கொளுத்தும் மதியம் கரண்ட் போகும்போது! "ரெண்டு லட்சம் போட்டேன், மேலே வெயில் காய்கிறது, கீழே ஃபேன் ஓடலையே" என்று போன் வரும். பேனல் கரண்டை லைனோடு இணைக்கும், பேட்டரி இல்லாத கிரிட் இன்வெர்ட்டர் அப்படித்தான். லைன் செத்ததும் தானும் நின்றுவிடும். நிற்காவிட்டால் பேனல் கரண்ட் லைனுக்குள் போகும்; லைனை அணைத்தாயிற்று என்று நம்பிக் கம்பத்தில் கை வைத்த ஆளின் உயிருக்கு ஆபத்து. இதைப் பேனல் விற்கும் பையன் ஆர்டர் வாங்கும் அவசரத்தில் சொல்ல மாட்டான். உங்கள் மகள் முதல் நாளே சொல்ல வேண்டும். ஏன் என்று அவளுக்கு விளக்க உங்களைவிடத் தகுதியான ஆள் யார்?

சின்டெக்ஸ் டேங்க் நிழல் சாயங்காலம் எந்தப் பேனல் மேல் விழும் என்று பார்க்க வேண்டும். ஒரு பேனலில் விழும் நிழல், வரிசையாகக் கோத்திருக்கும் மற்றதன் உற்பத்தியையும் இழுத்துவிடும். வடகம் காயப்போடவும் துணி உலர்த்தவும் இடம் விட்டு, ஆள் நிமிர்ந்து நடக்கிற உயரத்துக்கு ஸ்டிரக்சர் அடிக்க வேண்டும். அதை மாடியில் நின்று பேச வீட்டுப் பெண்கள் யாரிடம் வருவார்கள்? இந்தத் தொழிலில் பெண் என்பது பாதகம் என்று யார் சொன்னது! சேலத்து வெயிலுக்கு 1 கிலோவாட்டுக்கு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் என்று தைரியமாகச் சொல்லலாம். அதே வாயால் ஏற்காட்டு எஸ்டேட் பங்களாக்காரரிடமும் சொல்லிவிடக் கூடாது. சில்வர் ஓக் நிழலும் மதியம் வரை கலையாத மூடுபனியும் அங்கே கணக்கைக் கெடுத்துவிடும். மாட்டிய பிறகு 5 வருஷம் பராமரிப்பும் விற்றவர் பொறுப்பு. வசூலானதும் போன் எடுக்காத ஆட்களால்தான் இந்தத் தொழிலுக்குக் கெட்ட பேர்.

முதல் போடலாமா என்று யோசிக்கிறீர்களா? ஒரு சோதனை வையுங்கள். உங்கள் வீட்டு கரண்ட் பில்லை மகளிடம் நீட்டுங்கள். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டுக்குள் என்றால், இலவச யூனிட் போக பில் பெரிதாக வராது. அதற்குப் போய் 3 கிலோவாட் மாட்டச் சொன்னால் வங்கித் தேர்வுக்கே அனுப்புங்கள். "நம்ம வீட்டுக்கு இது வேண்டாம்ப்பா" என்றால், பி.எஃப். பணத்திலிருந்து தாராளமாக எடுத்துக் கொடுக்கலாம்.