ஹோம் தியேட்டர் ஸ்பீக்கர்களை ஃபால்ஸ் சீலிங்கில் புதைக்கலாமா?

கேள்வி: பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் புதிதாக வாங்கிய அடுக்குமாடி வீட்டில், 15 அடி நீளமும் 11 அடி அகலமும் ஒன்பதரை அடி உயரமும் உள்ள ஒரு படுக்கையறையை ஹோம் தியேட்டராக மாற்ற இருக்கிறோம். ஒரு பக்கச் சுவர் முழுவதும் பால்கனிக் கண்ணாடிக் கதவு. கறுப்புப் பெட்டிகள் எதுவும் கண்ணில் படக் கூடாது என்பது வீட்டில் அனைவரின் விருப்பம். ஸ்பீக்கர்கள் எல்லாவற்றையும் ஃபால்ஸ் சீலிங்கிலும் தாழ்ஒலிக்கான சப்வூஃபர் பெட்டியை மர அலமாரிக்குள்ளும் வைத்துவிடலாம், மீதியை, ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவரின் தானியங்கிச் சீரமைப்பு பார்த்துக்கொள்ளும் என்கிறார் இன்டீரியர் டிசைனர். என் தாயாருக்கு இப்போதே டி.வி. வசனம் சரியாகப் புரிவதில்லை. அழகுக்காக ஒலியை இழந்துவிடுவோமா?

பதில்: டிசைனர் சொல்கிறபடியே செய்தால் இழந்துவிடுவீர்கள். ஆனால் அதற்குக் காரணம் பெட்டிகளை மறைக்க நினைப்பதல்ல. மறைப்பதற்காக அவற்றை இடம் மாற்றுவதுதான். ஸ்பீக்கருக்கு முன்னால் ஏற்ற துணி ஒன்றைக் கட்டினால் ஒலிக்குப் பெரிய கேடு வராது. அதே ஸ்பீக்கரை ஆறடி மேலே தூக்கிச் சீலிங்கில் பதித்தால், அது எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும் தன் வேலையைச் செய்யாது. திரைப்படத்தின் வசனத்தில் பெரும்பகுதி திரைக்கு நடுவில் இருக்க வேண்டிய சென்டர் ஸ்பீக்கர் வழியாகவே வருகிறது. அது சீலிங்கில் இருந்தால் நடிகரின் வாய் எதிரே அசையும், குரல் உச்சந்தலைக்கு மேலிருந்து இறங்கும். வழக்கமான சீலிங் ஸ்பீக்கர் தரையைப் பார்த்து ஒலிப்பதால், சொல்லைப் பிரித்தறிய உதவும் மெல்லிய உச்ச ஒலிகள் காதை நேராக வந்து சேராமல் டைல்ஸிலும் சுவரிலும் மோதிச் சிதறிய பிறகே வரும். உங்கள் தாயாரைப் போன்றவர்களுக்கு அந்த ஒலிகள்தான் முதலில் தவறிப்போகும்.

தானியங்கிச் சீரமைப்பு என்பது, ரிசீவருடன் வரும் சிறிய மைக்கை இருக்கையில் வைத்து, ஒவ்வொரு ஸ்பீக்கரின் தூரத்தையும் அளவையும் கணக்கிட்டுச் சமன்படுத்தும் வசதி. நல்ல வசதிதான். ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை மட்டும் அதனால் மாற்றவே முடியாது. இதை விற்பனையாளர் அறியாதவரல்லர்.

உங்கள் அறைக்கு நான் சொல்லும் வழி இது. முன்சுவருக்கு ஒன்றரை அடி முன்னால், அறையின் முழு அகலத்துக்கும் ஒரு மரச்சட்டம் நிறுத்தி, அதன் மீது துணி இழுத்துக் கட்டுங்கள். நடுவில் புரொஜெக்டருக்கான 100 அங்குலத் திரை. அதன் அகலம் ஏறத்தாழ ஏழேகால் அடி. ஒலியை ஊடுருவ விடும் நெசவுத் திரையாக அது இருக்க வேண்டும். திரைக்குப் பின்னால் சென்டர் ஸ்பீக்கரையும், திரையின் இரு ஓரங்களைத் தாண்டி, பக்கத் துணிக்குப் பின்னால், ஒன்றுக்கொன்று எட்டடி இடைவெளியில் இடது, வலது ஸ்பீக்கர்களையும் நிறுத்துங்கள். மூன்றின் உயரமும் உட்கார்ந்திருப்பவரின் காது மட்டத்தை ஒட்டியே, அதாவது தரையிலிருந்து மூன்றரை முதல் நான்கு அடிக்குள், இருக்கட்டும். திரையிலிருந்து ஒன்பது, ஒன்பதரை அடியில் சோபா. சோபாவைப் பின்சுவரோடு ஒட்டிப் போட்டுவிடாதீர்கள். அங்கே தாழ்ஒலி குவிந்து ஒரே இரைச்சலாக இருக்கும். இப்படிச் செய்தால் அறைக்குள் நுழைபவருக்கு ஒரே சீரான துணிச்சுவரும் திரையும் தவிர எதுவும் தெரியாது. பதினாறு சதுர அடி வீணாகிறதே என்று டிசைனர் சொல்வார். அலங்காரத்துக்காகச் சுவர் நெடுக ப்ளைவுட் பெட்டிகள் வரையும்போது அந்தக் கணக்கு அவருக்கு நினைவு வருவதில்லை.

துணியைத் தேர்ந்தெடுக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. வாயில் ஒட்டி வைத்து ஊதிப் பாருங்கள். மறுபக்கம் வைத்த உள்ளங்கையில் மூச்சு தடையின்றிப் பட வேண்டும். பட்டால் ஏற்கலாம், படாவிட்டால் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். சோபாத் துணி, பின்புறம் ரப்பர் பூசிய திரைச்சீலைத் துணி, ரெக்ஸின் ஆகியவை இந்தச் சோதனையில் தோற்றுவிடும்.

சுவரைக் குடைந்து ஸ்பீக்கரைப் பதிக்கலாம் என்று யாராவது சொன்னால், முதலில் கட்டடம் எந்த முறையில் கட்டப்பட்டது என்று கேளுங்கள். ஒயிட்ஃபீல்டு, சர்ஜாபூர் ரோடு பக்கம் அண்மையில் எழுந்த உயரமான குடியிருப்புகள் பலவற்றில் மிவான் என்னும் அலுமினிய அச்சு முறையில் சுவர்களே கான்கிரீட்டாக வார்க்கப்படுகின்றன. அவை கட்டடத்தின் சுமையைத் தாங்குபவை. ஆணிக்குத் துளை போடலாம்; வெட்டக் கூடாது.

சீலிங்கில் வைக்கத் தகுந்தவை தலைக்கு மேலிருந்தும் ஒலி வரச் செய்யும் டால்பி அட்மாஸ் முறைக்கான மேல் ஸ்பீக்கர்கள் மட்டுமே. உங்கள் அறைக்கு 5.1.2 அமைப்பு, அதாவது காது மட்டத்தில் ஐந்து, சப்வூஃபர், மேலே இரண்டு, தாராளமாகப் போதும். 7.1.4 என்ற எண்ணைக் காட்டி உங்களை மயக்கப் பார்ப்பார்கள்; ஒரே ஒரு சோபா போடும் அறையில் அந்தக் கூடுதல் பணத்தை முன் மூன்று ஸ்பீக்கர்களின் தரத்தில் போடுவது நல்லது.

இங்கே ஒரு விலக்கு உண்டு. உங்கள் அறைக்கு அது பொருந்துவதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பக்கவாட்டு சரவுண்ட் ஸ்பீக்கர்கள் இரண்டும் இருக்கைக்கு இரு புறமும், காது மட்டத்திலோ சற்று மேலேயோ, சுவரில் இருக்க வேண்டும் என்பது விதி. உங்களுக்கு ஒரு பக்கம் கண்ணாடிக் கதவு. அங்கே மாட்ட இடமில்லை. இருக்கைக்குச் சற்றுப் பின்னால், கதவு முடிந்து சுவர் தொடங்கும் இடத்தில் ஓரடி அகலம் கிடைத்தால்கூட அங்கேயே மாட்டிவிடுங்கள், விலக்கே தேவைப்படாது. அதுவும் இல்லையென்றால் மட்டும் சரவுண்டைச் சீலிங்குக்கு ஏற்றலாம். அப்போதும் நான்கைக் கவனிக்க வேண்டும். ஒன்றைச் சுவரிலும் மற்றதைச் சீலிங்கிலும் வைக்காமல் இரண்டையும் மேலே கொண்டுபோக வேண்டும். இல்லாவிட்டால் திரையில் இடமிருந்து வலம் போகும் வண்டி பாதி வழியில் பறக்கத் தொடங்கும். ஒலிவாயைச் சாய்த்துத் திருப்பக்கூடிய வகை ஸ்பீக்கரே வேண்டும். அதை இருக்கையை நோக்கிச் சாய்க்க வேண்டும். தலைக்கு நேர் மேலே அல்லாமல், பக்கச் சுவர்களை ஒட்டி ஓரடி, ஒன்றரை அடி தள்ளி வைக்க வேண்டும். இவ்வளவும் செய்த பிறகு அட்மாஸ் ஸ்பீக்கர்களைக் கைவிட்டுவிட வேண்டும். பக்கவாட்டு ஒலியும் மேலொலியும் ஒரே கூரையிலிருந்து வந்தால் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது, எனவே 5.1 போதும். இந்த விலக்கு சரவுண்டுக்கு மட்டுமானது. டிசைனர் இதைப் படித்துவிட்டு, "சீலிங்கில் வைக்கலாம் என்று நிபுணரே சொல்கிறார்" என்று முன் ஸ்பீக்கர்களுக்கும் நீட்டிக்க விடாதீர்கள்.

சப்வூஃபரை மறைப்பது எளிது. சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வரும் ஒலியின் திசையைக் காதால் எளிதில் கண்டுபிடிக்க முடியாது. அதற்காகக் கதவு வைத்த மர அலமாரிக்குள் அடைத்தால் கதவும் கீலும் சேர்ந்து பாடும். முன் துணிச்சுவருக்குப் பின்னால் அதற்குத் தாராளமாக இடமிருக்கிறது. உங்கள் அறையின் 15 அடி நீளத்தால் ஏறத்தாழ 37 ஹெர்ட்ஸிலும், 11 அடி அகலத்தால் 51 ஹெர்ட்ஸிலும் ஒலி சில இடங்களில் குவியும், சில இடங்களில் அறவே காணாமல் போகும். அப்படிக் காணாமல் போகும் இடத்தில் சோபா அமைந்துவிட்டால் ரிசீவரில் எவ்வளவு கூட்டினாலும் பயனில்லை. ஒரு பெரிய சப்வூஃபருக்குப் பதில் நடுத்தர அளவில் இரண்டு வாங்கி, முன்சுவர் நடுவில் ஒன்றும் பின்சுவர் நடுவில் ஒன்றும் வைத்தால் நீளவாக்கில் வரும் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

நிறத்தைப் பொறுத்தவரை, திரையைச் சுற்றி நான்கடி தூரத்துக்குச் சீலிங்கும் பக்கச் சுவரும் பளபளப்பில்லாத அடர்நிறத்தில் இருக்க வேண்டும். கறுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அரக்கு, கருநீலம், கரும்பச்சை எதுவும் ஆகும். கிரீம் நிறமும் கண்ணாடிப் பலகையும் புரொஜெக்டர் ஒளியைத் திரைக்கே திருப்பி அனுப்பி, இரவுக் காட்சிகளைச் சாம்பல் நிறமாக்கிவிடும். பால்கனிக் கதவுக்குக் கனமான திரைச்சீலை, சோபாவுக்கும் திரைக்கும் நடுவே தரைவிரிப்பு: இரண்டும் கட்டாயம்.

இனி, உங்களிடம் பணம் வாங்கப் போகிறவர்களைப் பற்றி. டிசைனர் தோற்றத்துக்குப் பொறுப்பு, டீலர் பெட்டிகளுக்குப் பொறுப்பு, தச்சர் அலமாரிக்குப் பொறுப்பு. நீங்கள் உட்காரும் இடத்தில் வசனம் கேட்கிறதா என்பதற்கு மட்டும் இந்த வரிசையில் ஒருவரும் பொறுப்பில்லை. பில்டரோ விளம்பரத் தாளில் 'ஹோம் தியேட்டர்' என்று அச்சிட்டு, நீளமும் அகலமும் ஒன்றாக உள்ள சதுர அறையை, அதாவது ஒலிக்கு மிக மோசமான வடிவத்தை, கொடுத்துவிட்டுப் போகிறார். இடையில் டீலரிடமிருந்து டிசைனருக்குக் கமிஷன் போகும் வழக்கம் இத்தொழிலில் இருப்பதை இத்தொழிலில் உள்ள யாரும் மறுக்கமாட்டார்கள். ஆகவே 'மொத்தமாக இவ்வளவு' என்ற கொட்டேஷனை ஏற்காதீர்கள். மரவேலை, சீலிங், வயரிங் ஒரு தாளிலும், ஸ்பீக்கர், ரிசீவர், புரொஜெக்டர், திரை ஆகியவை ஒவ்வொன்றும் முழு மாடல் எண்ணோடு இன்னொரு தாளிலும் எழுதி வாங்குங்கள். 'ஜெர்மன் சீலிங் ஸ்பீக்கர், 4' என்று மட்டும் எழுதியிருந்தால் அதற்கு எந்தப் பொருளும் இல்லை. கடைகளிலும் மால்களிலும் அறிவிப்புக்குப் பயன்படும் 100 வோல்ட் லைன் ஸ்பீக்கர்கள்கூட அந்தப் பெயரில் வீடுகளுக்குள் வந்துவிடுகின்றன.

உண்மைத் திறனைப் பல மடங்கு ஊதிக் காட்டும் பி.எம்.பி.ஓ. வாட் என்ற சொல்லைக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ரிசீவரில் ஒரு சேனலுக்கு 100 வாட் என்று போட்டிருந்தால், அது இரண்டு சேனல்களை மட்டும் இயக்கி அளந்ததா என்று கேளுங்கள்; பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். வெளிநாட்டுப் பொருளின் பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை ஆகியவை அச்சிடப்பட்டிருக்க வேண்டும் என்று 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகள் சொல்கின்றன. அந்த விவரங்கள் இல்லாத பெட்டி குறுக்கு வழியில் வந்தது. பழுதானால் கம்பெனியின் சேவை மையம் தொடக்கூட மாட்டாது. விதி இருந்தும் அதைக் கடைகளில் போய்ப் பார்ப்பார் யாருமில்லாததால், பார்க்கும் வேலை உங்கள் தலையில் விழுகிறது. புரொஜெக்டருக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்துவிட்டது. பழைய விகிதத்தில் போட்ட கொட்டேஷனை நீட்டினால் திருப்பிக் கொடுங்கள்.

அடுத்த பொறி, ஃபோம். ஓரங்குல முட்டைத்தட்டு ஃபோமைச் சுவரெங்கும் ஒட்டி 'சவுண்ட் ப்ரூஃப்' என்று பில் போடுவார்கள். அது உச்ச ஒலியை மட்டும் தின்றுவிட்டுத் தாழ்ஒலியைத் தொடாமல் விடுவதால், அறை மந்தமாகவும் வசனம் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோலவும் ஆகும். பக்கத்து வீட்டுக்குப் போகும் ஒலியை அது தடுக்கவே தடுக்காது; அதற்குக் கனமும், சுவரோடு ஒட்டாத இரட்டை அடுக்கும் வேண்டும். மலிவான பாலியூரித்தேன் ஃபோம் தீப்பிடித்தால் நச்சுப் புகையைக் கக்கும். அந்தப் பணத்துக்கு இரண்டங்குல ராக்வூல் (கல்லிழை) பலகைகளை, இழை உதிராதபடி மெல்லிய துணியில் முழுமையாகச் சுற்றி, முன் துணிச்சுவருக்குப் பின்னாலும் பக்கச் சுவர்த் துணிப் பலகைகளிலும் வையுங்கள். அவை பார்வைக்கு அலங்காரப் பலகைகளாகவே தெரியும்.

வயரிலும் ஏமாற்று உண்டு. தாமிரம் என்று சொல்லி, தாமிரம் பூசிய அலுமினியத்தை விற்பார்கள். ஓரிழையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். செந்நிறம் நீங்கி வெள்ளை தெரிந்தால் அது அலுமினியம். பெங்களூருவின் மின்னணுப் பொருள் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டுக்கு ஒரு நடை போய், சுத்தத் தாமிர 14 கேஜ் வயர் மீட்டர் என்ன விலை என்று விசாரித்துவிட்டு வந்தால், கொட்டேஷனில் உள்ள விலையின் யோக்கியதை தெரிந்துவிடும்.

கடைசித் தவணையாகக் கணிசமான தொகையை நிறுத்தி வையுங்கள். அதைக் கொடுப்பதற்கு முன், 20 ஹெர்ட்ஸிலிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் ஒலியைப் போடச் சொல்லி, சீலிங் தொங்கும் கம்பிகள், விளக்கு வளையங்கள், ஏ.சி. கிரில் ஆகியவற்றில் எது அதிர்கிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள். அதிர்வதையெல்லாம் அவர்கள் செலவிலேயே இறுக்கித் தர வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

புரொஜெக்டருக்குப் போகும் எச்.டி.எம்.ஐ. கேபிளைச் சீலிங்குக்குள் நேரடியாகப் புதைக்கக் கூடாது. உங்கள் அறையில் அது சுமார் 30 அடி ஓடும். 4கே படத்துக்கான 18 ஜிகாபிட் வேகத்தை அவ்வளவு தூரத்துக்குச் சாதாரண தாமிரக் கேபிள் நம்பகமாகக் கொண்டுசெல்லாது என்பதால் ஆப்டிகல் (ஒளியிழை) வகைதான் வேண்டும். அதற்கு ஒரு முனை ரிசீவர் பக்கம், மறுமுனை புரொஜெக்டர் பக்கம் என்று திசை உண்டு. திருப்பிப் போட்டு மூடிவிட்டுப் பிறகு ஜிப்சத்தை உடைப்பது அடிக்கடி நடக்கிறது. இரண்டங்குல பைப்பைக் கூர்மையான வளைவுகள் இல்லாமல் போட்டு, உள்ளே ஒரு நைலான் கயிற்றையும் விட்டு வைக்கச் சொல்லுங்கள். ஜிப்சம் பலகை ஏறுவதற்கு முதல் நாள், சுவரோரத்தில் அளவு நாடாவை நீட்டிப் பிடித்து, எல்லா பைப்புகளும் போகும் தடத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.