பயிற்சியாளருக்குப் பயிற்சி – கடிதம்

அன்புள்ள ஐயா,

கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர்ப் பக்கம் எங்கள் ஊர் கிளப்பில் 14 வயதுக்கு உட்பட்ட பையன்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். இது ஆறாவது வருடம். முதல் வருடம் செய்த அதே டிரில், அதே கத்தல். எதிரணி நெருக்கினால் பந்தைத் தூக்கி அடித்துவிடுகிறார்கள், அதுவும் மாறவில்லை. பயிற்சியாளர்களுக்கான ‘டி’ லைசென்ஸ் படிப்பை முடித்துவிட்டேன். அதற்கு அடுத்த படியான ‘சி’க்குப் போனால் சரியாகுமா, இல்லை இன்னும் பத்து வருடம் மைதானத்தில் நின்றால்தான் வருமா?

எஸ். ஆர்.

அன்புள்ள எஸ். ஆர்.,

‘சி’க்குப் போங்கள். ஆனால் நெருக்கினால் ஏன் தூக்கி அடிக்கிறார்கள் என்ற உங்கள் கேள்வியையும் எடுத்துக்கொண்டு போங்கள். பயிற்சியைத் திட்டமிடும் முறையை அங்கே கற்கலாம்; உங்கள் பையன்களுக்கான விடை அங்கே தயாராக இருக்காது. வருடங்களும் தாமாக அதைத் தருவதில்லை.

அமெரிக்கக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஜான் வுடன் 1948இல் யுசிஎல்ஏ பல்கலைக்கழக அணிக்கு வந்தார். முதல் தேசியப் பட்டம் 1964இல்தான். அதிலிருந்து 1975 வரை 10 பட்டங்கள். பருவம் முடிந்ததும் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு, அதில் தேர்ந்த மற்ற பயிற்சியாளர்களிடம் கேட்டுப் படிப்பது அவர் வழக்கம். அன்றன்றைய பயிற்சியை நிமிடக் கணக்கில் எழுதி, பழைய குறிப்புகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். 1974–75 பருவத்தில் இரண்டு உளவியலாளர்கள் அவர் பயிற்சியின்போது பேசியதையெல்லாம் வகைபிரித்து எண்ணினார்கள். ஏறக்குறைய முக்கால் பங்கு, எதை எப்படிச் செய்வது என்ற தகவல். பாராட்டு 7 சதவீதம்கூட இல்லை.

நீங்களும் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டு ஒரு பயிற்சியை முழுக்கப் பதிவுசெய்து எண்ணிப்பாருங்கள். “பாருலே”, “ஓடுலே” என்பவற்றைத் தனியாக எண்ணுங்கள். எங்கே பார்ப்பது, எப்போது ஓடுவது என்று சொல்லாதவரை பையனுக்கு அது வெறும் சத்தம்.

டிரிலையும் கணக்குப் போடுங்கள். இருபது பேர் வரிசையில் நின்று ஆளுக்கு அரை நிமிடம் எடுத்தால், ஒருவனுக்கு மறுபடி முறை வரப் பத்து நிமிடம். அரைமணி நேரத்தில் மூன்றே ஷாட். வரிசையில் நிற்பவனை யாரும் நெருக்குவதும் இல்லை. 30க்கு 20 மீட்டர் கட்டத்தில் நாலுக்கு நாலு ஆடவிடுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு கட்டம் ஓடட்டும்.

ஆடவிட்ட பிறகு எதைப் பார்க்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். புதிய பயிற்சியாளரின் கண் பந்தோடு போகும். தூக்கி அடித்த காலைப் பார்த்துத் திட்டுவார். தேர்ந்தவர் அதற்கு இரண்டு விநாடி முந்தியதைப் பார்ப்பார். பந்து வருமுன் அவன் தோளுக்கு மேலே திரும்பிப் பார்த்தானா? உடம்பைப் பக்கவாட்டில் திறந்து நின்றானா? பக்கத்தில் இருப்பவன் எதிராளியின் மறைவிலிருந்து விலகி வந்தானா? இந்த மூன்றில் ஒன்றை மட்டும் ஒரு மாதம் பாருங்கள். இருபது நிமிட ஆட்டத்தை இரண்டு தடவைக்கு மேல் நிறுத்தாதீர்கள். நிறுத்திய காரணத்தை அன்றே எழுதுங்கள்.

எங்கே ஆடுகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். காய்ந்த மணலில் பந்து உருளாது. அங்கே தூக்கி அடிப்பதுதான் புத்திசாலித்தனம். கடற்கரையில் வளர்ந்த பையன்கள் அந்தப் பழக்கத்தைத் தரைக்கும் கொண்டுவந்திருக்கலாம். அலை வாங்கியபின் ஈரம் இறுகிய மணலிலும் பள்ளி மைதானத்திலும் ஆடவைத்து வித்தியாசத்தை எண்ணினால், குறை பையன்களிடமா தரையிலா என்று தெரியும்.

மேட்சில் உங்கள் ஞாபகத்தை நம்ப வேண்டாம். பார்த்த ஆட்டத்தின் முக்கிய நிகழ்வுகளில் பயிற்சியாளர்கள் பாதிக்கும் குறைவாகத்தான் சரியாக நினைவுகூர்ந்தார்கள் என்று 1980களிலேயே ஆய்வில் கண்டிருக்கிறார்கள். இடைவேளைக்கு முன் மூன்று வரி எழுதுங்கள். பிறகு வீடியோவோடு ஒப்பிடுங்கள். எந்த வகைத் தவறு உங்கள் கண்ணுக்குத் தப்புகிறது என்று நாலைந்து மேட்சில் பிடிபடும். ஆறு வருடத்தில் கிடைக்காதது இதில் கிடைக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

துணைக்கு ஆளும் வேண்டும். மேற்குக் கடற்கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். ஆழ்கடலுக்குப் போகும் மூத்த ஆட்டக்காரர்கள் அப்போது ஊரில் இருப்பார்கள். மழை விட்ட நாட்களில் இரண்டு பேரைக் கூப்பிடுங்கள். ஒருவர் தூக்கி அடித்ததை எண்ணட்டும். மற்றவர் உங்களை மட்டும் பார்த்துவிட்டு, “அங்கே ஏன் நிறுத்தினாய், இங்கே ஏன் விட்டாய்?” என்று கேட்கட்டும். ‘சி’ வகுப்புக்குப் போகும்போது அந்த இரண்டு மாதக் குறிப்புகளைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.