அப்பா உயிலில் எழுதிய தோப்பு யாருக்கு?

தம்பி, சிங்கப்பூர் வந்து ஆறு மாதம் ஆவதற்குள் உச்சிப்புளியிலிருந்து அப்பாவின் உயில் நகல் உங்கள் போனுக்கு வந்துவிட்டது. “தோப்பு அம்மாவுக்கா, எனக்கா? இதைக் காட்டி ஊரில் கடன் வாங்கலாமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பாம்பன்காரன், இங்கே 22 வருடம். வக்கீல் இல்லை, ஆனால் ஓர் உயிலால் எங்கள் வீடு பட்ட பாட்டை அனுபவித்தவன்.

கடன் வாங்க முடியாது. எழுதியவர் காலத்துக்குப் பிறகுதான் உயில் செல்லும். அதுவரை தோப்பு அப்பாவுடையது. பதிவு செய்திருந்தாலும் அவர் நாளைக்கே மாற்றி எழுதலாம், தோப்பை விற்கவும் செய்யலாம்.

இப்போது அந்த வரி: “என் மனைவி ஆயுள் வரை அனுபவித்து, அவர் காலத்துக்குப் பின் என் மகன் சர்வ சுதந்திர பாத்தியமாய் அடைய வேண்டியது.” அம்மா தேங்காய் வெட்டிக்கொள்ளலாம், குத்தகைப் பணம் வாங்கலாம், விற்க முடியாது. விற்கும் உரிமை ‘சர்வ சுதந்திரம்’ என்ற சொல்லில் இருக்கிறது. அது உங்களுக்கு. ஆனால் நீங்கள் இந்துக் குடும்பம் என்றால் ஒரு சங்கதி உண்டு. அம்மாவின் ஜீவனாம்சத்துக்காகக் கொடுத்தது என்று ஆனால், 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம் 14-ஆம் பிரிவின்படி தோப்பு அவருக்கே முழு உரிமையாகிவிடலாம். உச்ச நீதிமன்றம் 1977-லேயே அப்படித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அதனால் இந்த வரியை மட்டும் ராமநாதபுரத்தில் ஒரு வக்கீலிடம் அவசியம் காட்டுங்கள்.

எங்கள் அப்பா வீட்டை எனக்கும், “என் பேரில் உள்ள வல்லமும் வலையும்” என் தம்பிக்கும் எழுதினார். வல்லம் என்றால் மீன்பிடிப் படகு. இரண்டு வருடம் கழித்து வைத்தியச் செலவுக்கு வல்லத்தை விற்றார். உயிலை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. குறிப்பிட்டு எழுதிய பொருள் சாகும்போது கையில் இல்லையென்றால் அந்தக் கொடை அதோடு போச்சு, விற்ற பணம்கூட அதற்கு ஈடாக வராது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், வெறும் துடுப்பு மட்டும் சாத்தியிருந்த சுவரைப் பார்த்தபடி தம்பி திண்ணையில் உட்கார்ந்திருந்தான். பாதி வீட்டை அவன் பேருக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது. “வல்லம் இல்லாது போனால் இவ்வளவு ரூபாய்” என்று ஒரு வரி இருந்திருந்தால் போதும்.

உங்கள் நகலிலும் அப்படி இரண்டு வரி இல்லை. அத்தைக்கு 5 பவுன் என்று இருக்கிறது. அப்பாவுக்கு முன்னால் அத்தை காலமானால் அது யாருக்கு? எழுதாவிட்டால் அத்தை பிள்ளைகளுக்குப் போகாது. அப்புறம், “இதில் சொல்லாத, இனிமேல் சேரும் சொத்து எல்லாம் இன்னாருக்கு” என்ற வரி. அது இல்லாவிட்டால் பேங்க் பணம், புதிதாக வாங்கும் மனை எல்லாம் உயிலில் சேராமல் சட்டப்படி வாரிசுகளுக்குப் பிரியும்.

இங்கே சிங்கப்பூரில் நீங்களே உயில் எழுதுவதானால் 21 வயது ஆகியிருக்க வேண்டும். இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். யாருக்குக் கொடுக்கிறீர்களோ அவரோ அவர் மனைவியோ கணவரோ சாட்சி போட்டால் அவர் பங்கு செல்லாது. ரூம் நண்பர்கள் போடலாம். பின்னால் பிஆர் (நிரந்தரவாசத் தகுதி) கிடைத்தால், சிபிஎஃப் என்ற சேமநிதிப் பணம் உயிலில் வராது, அது யாருக்கு என்று தனியாக நாமினேஷன் போட வேண்டும். முஸ்லிம் நண்பர்களுக்கு விதிகள் வேறு.

இந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் பேசும்போது, விடுபட்ட அந்த இரண்டு வரியையும் நிதானமாகப் படித்துக் காட்டுங்கள். பக்கத்தில் அம்மாவும் இருக்கட்டும்.