எம்.பி.பி.எஸ். முடித்தவர் பி.ஜி. வார்டுக்குத் தயாரா? கேள்வி பதில்

அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் பொது மருத்துவம் கற்பிக்கிறேன். பி.ஜி. (முதுநிலை மருத்துவப் படிப்பு) சேரப்போகிறவர்களும் வீட்டாரும் கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

மேடம், ஃபைனல் இயர் படிக்கிறேன். நாலரை வருஷப் படிப்பு பி.ஜி. முதல் நாளுக்குப் போதுமா?

நோயைக் கண்டுபிடிக்கப் பெரும்பாலும் போதும். அதன் பிறகு வரும் 12 மணி நேரத்தை நடத்தப் போதாது. தேர்வில் ஒரு நோயாளி, ஒரு லாங் கேஸ் (நோயாளியை முழுதாக விசாரித்து, பரிசோதித்துச் சொல்வது), யோசிக்க நேரம். அட்மிஷன் டே (நம் பிரிவு புது நோயாளிகளைச் சேர்க்கும் நாள்) இரவில் மூன்று பேர் சேர்ந்து வருவார்கள். யாரை முதலில் பார்ப்பது என்று எந்தத் தேர்வும் உங்களைக் கேட்டிருக்காது.

பூச்சிமருந்து குடித்து வருபவரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து என்றால் அட்ரோபின் என்ற முறிவு மருந்து என்று எல்லா மாணவருக்கும் தெரியும். பலன் போதாவிட்டால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவை இரட்டிப்பாக்க வேண்டும். நெஞ்சில் நீர்ச்சத்தம் அடங்கி, நாடித்துடிப்பும் பி.பி.யும் ஏறும்வரை விடக்கூடாது. கண்மணி விரிவதை இலக்காக வைக்கக் கூடாது. பிறகு உளறலும் காய்ச்சலும் வந்து குடல் சத்தமும் நின்றால், மருந்து கூடிவிட்டது என்று குறைக்க வேண்டும். தெளிந்துவிட்டார் என்று நினைக்கும் இரண்டாம், மூன்றாம் நாளில் மூச்சுத் தசைகள் தளரலாம். அதனால் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடிகிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும். பக்கத்தில் நின்று திரும்பத் திரும்பப் பார்த்தால்தான் இது கைவரும். வாரக்கணக்கில் வார்டுக்கு வந்தும், ஒரே நோயாளியைச் சேர்த்த நாள் முதல் வீடு திரும்பும்வரை தொடர்ந்து பார்க்காத மாணவர்கள் நிறையப் பேர். நம் படிப்பின் பெரிய ஓட்டை இதுதான் என்பேன்.

ஹவுஸ் சர்ஜனாக (எம்.பி.பி.எஸ். முடித்தபின் ஒரு வருடப் பயிற்சி மருத்துவர்) இருக்கிறேன். ரத்தம் எடுத்து லேபுக்கு ஓடுவதே வேலை. லீவு போட்டு நீட் பி.ஜி. நுழைவுத் தேர்வுக்குப் படிக்கலாமா?

உங்கள் கவலை நியாயமானது. சீட்டை முடிவு செய்வது ஒரு கொள்குறித் தேர்வு. வார்டில் நீங்கள் எப்படி வேலை செய்தீர்கள் என்று அது கேட்பதில்லை. மாதிரி கொண்டுபோக ஆள் போடாததும் நிர்வாகத்தின் குறைதான். ஆனாலும் தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிகளின்படி இந்த ஒரு வருடத்தில் பொது மருத்துவத்துக்கு 6 வாரம், கேஷுவால்டிக்கு (அவசர சிகிச்சைப் பிரிவு) 2, மயக்கவியலுக்கு 2 வாரம்தான். மயக்கவியலை மட்டும் விட்டுவிடாதீர்கள். மூச்சுக்குழாயில் டியூப் போடுவதை சீனியரிடம் விடலாம். மாஸ்க்கைச் சரியாகப் பிடித்து, ஆம்பு பேக்கில் (கையால் அழுத்திக் காற்று கொடுக்கும் பை) நெஞ்சு ஏறி இறங்க வைக்கத் தெரிந்தால், அவர் வந்து சேரும்வரை நோயாளி தாங்குவார்.

அக்கா, ராத்திரி ரெண்டு மணிக்கு சீனியரைக் கூப்பிட்டா திட்டுவாங்களோன்னு பயமா இருக்கு.

கூப்பிடுங்கள் தம்பி. திட்டினாலும் கூப்பிடுங்கள். கதையை முதலிலிருந்து சொல்லாமல் ஆபத்தை முதலில் சொல்லுங்கள்: “அண்ணா, 14-ம் பெட் அம்மாவுக்கு பி.பி. 80/50, மூச்சு 32, மயக்கமா இருக்காங்க. ஃப்ளூயிட் ஓடுது. நீங்க இப்ப வரணும்.” இதை எந்தக் கல்லூரியும் உட்காரவைத்துச் சொல்லித்தருவதில்லை. முதல் வருடத்தில் உயிரைக் காப்பாற்றுவது பெரும்பாலும் இப்படி ஒரு போன்தான்.

என் மகன் முதல் வருட பி.ஜி. விடிய விடிய டியூட்டி பார்த்துவிட்டு மறுநாளும் ஓ.பி. பார்க்கிறான். இது சரியா சார்?

மேடம்தான், அய்யா. சரியில்லை. வாரம் 48 மணி நேரம், ஒரே மூச்சில் 12 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று மத்திய அரசு 1992-லேயே சொல்லிவிட்டது. 2023-ல் வந்த பி.ஜி. விதிகள் வாரம் ஒருநாள் விடுமுறையும் தினமும் நியாயமான ஓய்வு நேரமும் தரச் சொல்கின்றன. நடைமுறையில் பல துறைகள் இதைக் கண்டுகொள்வதில்லை. அவன் பலவீனமானவன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். படித்தேன். கைப்பழக்கம் குறைவு. யாரிடம் கற்பது?

வார்டு சிஸ்டரிடம். வென்ஃப்ளான் (நரம்பில் போடும் ஊசிக்குழாய்), ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியாக இரைப்பைக்குப் போடும் குழாய்), கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) எல்லாம் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. டியூட்டி தொடங்க அரை மணி முன்னால் போய், “சிஸ்டர், சொல்லிக்கொடுங்க” என்று கேளுங்கள்.