ஆறு லட்சம் கடனும் ஒரு பி.எஸ்சி.யும்

அன்புள்ள ஐயா,

மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். வேதியியல்தான் படிப்பேன் என்கிறாள். தேவனாம்பட்டினம் பெரியார் அரசு கலைக் கல்லூரியில் இடம் கிடைத்துவிடும். சென்னையில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்திலும் இடம் தருகிறார்கள். விடுதியோடு சேர்த்து வருடம் 2 லட்சம். மூன்று வருடத்துக்கு 6 லட்சம், 10 சதவீத வட்டியில் கல்விக்கடன் கிடைக்கும், வேலைக்குப் போன பிறகு கட்டினால் போதும் என்கிறார்கள். வாங்கலாமா?

ஒரு தந்தை, மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள ஐயா,

வேண்டாம். பி.எஸ்சி. பட்டத்தால் அந்தக் கடனைச் சுமக்க முடியாது.

‘வேலைக்குப் போன பிறகு’ என்பதே தவறான தகவல். படிப்புக் காலமும் அதற்குப் பின் ஒரு வருடமும்தான் மாரட்டோரியம், அதாவது தவணை கட்ட வேண்டாத காலம். வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அதன்பின் தவணை தொடங்கிவிடும். அந்த நான்கு வருடமும் தனிவட்டி ஏறிக்கொண்டே இருக்கும். முதல் வருடம் வாங்கும் 2 லட்சத்துக்கு 80,000, இரண்டாம் வருடத்துக்கு 60,000, மூன்றாம் வருடத்துக்கு 40,000. ஆக, தவணை தொடங்கும் நாளில் பாக்கி 7.8 லட்சம். பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 10,300 ரூபாய். பதினைந்து வருடமாக நீட்டினால் 8,400தான். ஆனால் மொத்தம் 15 லட்சம் கட்டியிருப்பீர்கள்.

வரவைப் பார்ப்போம். மருந்து அல்லது ரசாயனத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் மகள் 18,000 சம்பளத்தில் சேர்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பி.எஃப்., இ.எஸ்.ஐ. போகக் கைக்கு 16,400 அளவில் வரும். அதில் 10,300 தவணை. மிச்சத்தில் அறை வாடகையும் சாப்பாடும் நடக்காது. நீங்கள்தான் கட்ட வேண்டியிருக்கும். கட்டத் தவறினால் கூட்டுக் கடன்தாரரான உங்கள் சிபில் மதிப்பெண்ணும், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுபவரா என்று வங்கிகள் பார்க்கும் மதிப்பெண்ணும், சேர்ந்தே விழும்.

கைக்கு வரும் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தவணை போகக் கூடாது என்பது என் அளவுகோல். 16,400க்கு அது 3,280 ரூபாய். பின்னோக்கிக் கணக்கிட்டால் பி.எஸ்சி.க்கு வாங்கக்கூடிய கடன் 2 லட்சத்துக்குள்தான்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. வேதியியலில் சம்பளம் ஓரளவு நிமிர்வது எம்.எஸ்சி.க்குப் பிறகுதான். மகள் எம்.எஸ்சி. சேர்ந்தால் இரண்டாம் வருடத்திலேயே பழைய கடனின் தவணை தொடங்கிவிடும். மேற்படிப்பைக் காட்டி மாரட்டோரியத்தை நீட்டிக்க முன்கூட்டியே எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். நீட்டித்தாலும் வட்டி நிற்காது.

ஆகவே கடன் வாங்கும் வாய்ப்பை எம்.எஸ்சி.க்கு வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வருடம் தேவனாம்பட்டினத்துக்கு வீட்டிலிருந்தே போய் வரட்டும். இரண்டாம் வருடத்திலிருந்தே ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் நுழைவுத் தேர்வுக்கும், காலாப்பட்டு புதுவைப் பல்கலைக்கழகத்துக்கான க்யூட் முதுநிலைத் தேர்வுக்கும் படிக்கட்டும். எம்.எஸ்சி.க்குப் பிறகு தேசிய அளவிலான நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வாளர் தகுதி கிடைத்து ஆராய்ச்சியில் சேர்ந்தால் மாதம் 37,000 உதவித்தொகை, வீட்டு வாடகைப்படி தனி. அந்த இடத்துக்குப் போக பி.எஸ்சி. எந்தக் கல்லூரியில் என்று யாரும் கேட்பதில்லை.

தனியார் பல்கலைக்கழகத்தின் வேலைவாய்ப்புப் புள்ளிவிவரத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள். பொறியியல் மாணவர்களையும் சேர்த்துச் சராசரி போட்டிருக்கலாம். பி.எஸ்சி. வேதியியலில் மட்டும் எத்தனை பேர் படித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, சம்பள வரிசையில் நடுவில் இருப்பவருக்கு மாதம் கைக்கு எவ்வளவு என்று கேளுங்கள். கலவையில் என்னென்ன வேதிப்பொருள் எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் ஹெச்.பி.எல்.சி. கருவியை இளநிலை மாணவர்கள் தாங்களே இயக்குகிறார்களா, தூரத்திலிருந்து பார்க்கிறார்களா என்பதையும் கேளுங்கள். வேலைக்கான நேர்காணலில் முதலில் வரும் கேள்விகளில் அதுவும் ஒன்று.

இவ்வளவுக்குப் பிறகும் சென்னைதான் என்றால், படிக்கும்போதே வட்டியை மட்டுமாவது மாதாமாதம் கட்டிவிடுங்கள். முதல் வருடம் 1,667, அடுத்து 3,333, பிறகு தவணை தொடங்கும் வரை 5,000. அப்படிச் செய்தால் பத்து வருடத் தவணை 7,930 ஆகக் குறையும், மொத்தத்தில் ஒரு லட்சம் மிச்சம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள் என்றால் பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில் மாரட்டோரியக் காலத்துக்கு 3 சதவீத வட்டி மானியம் கேட்கலாம். ஆனால் அந்தத் திட்டத்தின் பட்டியலில் கல்லூரி இருக்க வேண்டும். முன்பணம் கட்டுவதற்கு முன்பே அதைப் பார்த்துவிடுங்கள்.