சஸ்காச்சுவான் வெறும் கோதுமைக் காடா?

கே: கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் கோதுமையையும் பனியையும் விட்டால் ஒன்றுமில்லை, வரலாறும் பண்பாடும் இல்லாத வெற்றுச் சமவெளி என்று நண்பர் சொல்கிறார். உண்மையா? (வாசகர், தாராபுரம்)

ப: இல்லை. அந்தப் பெயரே அங்குள்ள பூர்வகுடிகளான கிரீ மக்களின் மொழிச் சொல்லிலிருந்து வந்தது. விரைந்தோடும் ஆறு என்று பொருள். காட்டெருமையை நம்பி வாழ்ந்த கிரீ மக்களும், பூர்வகுடி–ஐரோப்பியக் கலப்பில் உருவான மெட்டி மக்களும் வாழ்ந்த மண் அது. காட்டெருமைகள் அழிந்து பசி நெருக்கிய 1870-களில்தான் கனடா அரசோடு நில ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. 1885-ல் படோஷ் என்ற ஊரில் மெட்டி மக்கள் கனடா அரசின் படையோடு போரிட்டுத் தோற்றார்கள். அவர்களின் தலைவர் லூயி ரியேலை ரெஜைனாவில் தூக்கிலிட்டார்கள். மாகாணம் உருவானதோ 1905-ல்தான். 'வெற்றுச் சமவெளி' என்று சொன்னால் இந்த மக்கள் அத்தனை பேரும் காணாமல் போகிறார்கள்.

குடியேற வருவோருக்கு அரசு நிலம் தந்தது. 10 டாலர் கட்டினால் 160 ஏக்கர். 3 ஆண்டு குடியிருந்து உழுதால் பட்டா. இதை நம்பி வந்தவர்களில் உக்ரைனியர் ஏராளம். அவர்களின் கும்பக் கூரைத் தேவாலயங்கள் வயல்களுக்கு நடுவே இன்றும் நிற்கின்றன. டாக்டர் வராத ஊர்களில் மக்களே வரி கொடுத்து, சம்பளத்துக்கு டாக்டரை வைத்துக்கொண்டார்கள். அந்தப் பழக்கம்தான் வளர்ந்து, மாகாண முதல்வர் டாமி டக்ளஸ் ஆட்சியில் 1947-ல் ஆஸ்பத்திரிச் செலவுக்கான காப்பீடாகவும், அவருக்குப் பின் வந்த வுட்ரோ லாயிட் ஆட்சியில் 1962 ஜூலை 1-ல் டாக்டர் கட்டணத்துக்கான காப்பீடாகவும் ஆனது. டாக்டர்கள் 23 நாள் வேலைநிறுத்தம் செய்தும் திட்டத்தை அசைக்க முடியவில்லை. கனடா முழுவதும் பின்பற்றியது இதைத்தான். பண்பாடு என்றால் இதைவிட வேறென்ன வேண்டும்?

கோதுமை உண்டு. ஆனால் கனடாவின் மைசூர் பருப்பில் பெரும்பகுதி விளைவதும் இங்கேதான். இலங்கையின் பருப்புக் கறிக்கும் இது போகிறது. முன்பு ஈரம் சேரட்டும் என்று நிலத்தை ஓராண்டு தரிசாக விடுவார்கள். பயிர் விஞ்ஞானி அல் ஸ்லிங்கார்ட் 1978-ல் தந்த 'லேர்ட்' ரகத்துக்குப் பிறகு அந்தத் தரிசில் பருப்பு ஏறியது. மே மாதம் விதைக்கிறார்கள். காற்றிலுள்ள நைட்ரஜனை வேரில் சேர்க்கும் ரைசோபியம் பாக்டீரியாவைச் சேர்க்காவிட்டால் வேர்முடிச்சு சரியாகப் பிடிக்காது. குட்டைச் செடி, காய் தரையை ஒட்டித் தொங்கும். அதனால் விதைத்த கையோடு உருளை ஓட்டிக் கற்களை மண்ணுக்குள் அழுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் அறுவடை இயந்திரத்தின் கத்தி உடையும். ஈரமண்ணில் உருட்டினால் மண் உருளையில் அப்பிக்கொண்டு விதையையும் பெயர்த்துவிடும். முளை தலைகாட்டும் நாளில் உருட்டினால் தண்டு முறியும். மழை கூடினால் செடி காய்க்காமல் தழைத்துக்கொண்டே போகும். அஃபனோமைசிஸ் வேரழுகல் பிடித்த நிலத்தில் 6 முதல் 8 ஆண்டு பட்டாணியோ பருப்போ போடக்கூடாது. 2017 நவம்பரில் இந்தியா பட்டாணிக்கு 50 சதவீத இறக்குமதி வரி போட்டது. அடுத்த ஆண்டே சஸ்காச்சுவானில் பட்டாணிச் சாகுபடிப் பரப்பு சுருங்கியது.

வயலுக்கு அடியில் ஏறக்குறைய 1 கி.மீ. ஆழத்தில் பொட்டாஷ் கிடக்கிறது. இடையில் நீர் நிறைந்த மணல் அடுக்கு, துளைத்த குழியை மூழ்கடித்துவிடும். எஸ்டர்ஹேசி என்ற ஊரில் அந்த அடுக்கையே உறையவைத்து, வார்ப்பிரும்பு வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூட்டி இறங்கி, 1962-ல் உற்பத்தியைத் தொடங்கினார்கள். இந்தியா கனடாவிலிருந்தும் பொட்டாஷ் வாங்குகிறது. உங்கள் நண்பர் தென்னைக்கு வைக்கும் சிவப்புப் பொட்டாஷ், அவர் ஒன்றுமில்லை என்று சொன்ன அந்த மண்ணுக்கு அடியிலிருந்து வந்ததாக இருக்கலாம்.